ஒரு சிகாருக்கு முக்கால் மணி நேரம்

முதல் சிகாரை நான் பதினைந்து நிமிஷத்தில் முடித்தேன். இருபதாவது நிமிஷம் டெக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். 2011, கியூபாவின் ஹவானா துறைமுகம். வியட்நாம் அரிசி ஏற்றிப்போன பல்க் கேரியர். நான் அதில் செகண்ட் இன்ஜினியர். பிஸ்கே விரிகுடாவில் ஆடாத வயிறு, கரையோரம் கட்டிப்போட்ட கப்பலில் ஆடிவிட்டது. பக்கத்தில் நின்ற மோட்டார்மேன், ராமநாதபுரத்துப் பையன், தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே, "செகண்ட் சார், பீடி மாதிரி இழுத்தா இப்படித்தான் ஆகும்" என்றான். அவன் அதுவரை சிகாரைக் கையால்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் சொன்னது சரி. பீடி அணைந்துவிடுமே என்று விடாமல் இழுப்போம். சிகாருக்கு அந்தப் பழக்கம் ஆகவே ஆகாது.

மேலே போகுமுன் ஒன்று. இது புகையிலை. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இது வழி. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கிற அளவு புகையிலை இருக்கும். இதுவரை தொடாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொட வேண்டாம். 18 வயது ஆகாதவருக்கு விற்பதே இங்கே குற்றம். மச்சானோ மாப்பிள்ளையோ துபாயிலிருந்து கொண்டுவந்து கையில் திணித்த சிகாரை என்ன செய்வது என்று முழிக்கிறவர்களுக்கும், எப்போதாவது பிடித்தும் அதில் ஒரு சுவையும் காணாதவர்களுக்கும்தான் எழுதுகிறேன். நான் மாதத்துக்கு ஒன்று. சில மாதம் அதுவும் இல்லை.

இன்ஜின் ரூமில் எக்ஸாஸ்ட் சூடு ஏறினால் எங்கேயோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம். சிகாருக்கும் அதே கணக்குதான். புகை சூடானால் கசக்கும், நாக்கு எரியும், மிச்சமிருக்கிற மணமெல்லாம் கருகிப்போகும். வெட்டுவது, பற்றவைப்பது, இழுப்பது, பெட்டியில் ஈரம் பார்த்து வைப்பது எல்லாமே புகை ஆறி வாய்க்கு வந்துசேர வேண்டும் என்பதற்காகத்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

என் தாத்தா உறையூர்ச் சுருட்டுப் பிடிப்பார். பற்றவைப்பதற்கு முன் சுருட்டை உதட்டில் ஒரு முறை உருட்டி நனைப்பார். சின்ன வயதில் எனக்கு அருவருப்பாக இருக்கும். காய்ந்துபோன சுருட்டு மளமளவென்று எரியும், மேல் இலை வெடிக்கும். அதற்குத்தான் நனைத்திருக்கிறார் என்று ஹவானா போய்வந்த பிறகுதான் புரிந்தது. அவரும் சூட்டோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார். ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். நம் சுருட்டுக்கு இரண்டு பக்கமும் திறப்பு. அப்படியே வாயில் வைக்கலாம். கியூபா வகைச் சிகாருக்கு, வாயில் வைக்கிற தலைப்பக்கம் ஒரு தொப்பி ஒட்டியிருக்கும், அதை வெட்டித்தான் பிடிக்க வேண்டும். நல்ல சிகாரைத் தாத்தாவைப்போல நனைக்க வேண்டாம். அந்த வேலையை நாம் பெட்டியில் முன்கூட்டியே செய்துவிடுகிறோம்.

கையால் சுருட்டிய சிகாரில் மூன்று அடுக்கு. வெளியே பளபளவென்று தெரிவது ராப்பர். அதற்குள் இறுக்கிக் கட்டும் இலை பைண்டர். நடுவில் நீள இலைகளாக மடித்து வைத்தது ஃபில்லர். ஃபில்லரில்தான் சூட்சுமம். செடியின் கீழ்ப்பக்க இலை 'வொலாடோ', நன்றாக எரியும், சுவை குறைவு. நடு இலை 'செக்கோ', மணம் அதில். வெயிலை அதிகம் வாங்குகிற மேல் இலை 'லிகெரோ', தடிப்பு, காரம், லேசில் எரியாது. லிகெரோவை எப்போதும் நட்டநடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். சாம்பல் உதிர்ந்ததும் முனையைப் பாருங்கள்: சீவிய பென்சில்போலக் கூம்பாகத் தணல் நின்றால், நடுவில் லிகெரோ மெதுவாக எரிகிறது, வேலை சரியாக நடந்திருக்கிறது. கியூபாவின் பேர்பெற்ற இலை, தீவின் மேற்கே பினார் தெல் ரியோவில் வுவெல்ட்டா அபாஹோ என்ற பகுதியில் விளைகிறது. ராப்பருக்கான செடியை வெயில் நேராகப் படாமல் மெல்லிய துணிப் பந்தலுக்குக் கீழே வளர்ப்பார்கள்.

கியூபா சிகார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 1959 புரட்சிக்குப் பிறகு அங்கிருந்து கிளம்பிய தோட்டக்காரர்களும் சுருட்டுக்காரர்களும் டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகராகுவா என்று போய்க் குடியேறினார்கள். இன்று டொமினிக்கனின் சாந்தியாகோவிலும் நிகராகுவாவின் எஸ்தெலியிலும் செய்கிறவை எதற்கும் சளைத்தவை இல்லை. சுருட்டுகிற நேர்த்தியில் பலமுறை கியூபாவை மிஞ்சும். 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபா வணிகத்துக்குத் தடை போட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன் தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அனுப்பித் தனக்கு ஆயிரம் சிகார் தேடச் சொன்னார், 1,200 கிடைத்தது என்று காதில் விழுந்த பிறகே பேனாவை எடுத்தார். சாலிஞ்சரே பின்னாளில் எழுதியது இது. தடை ஊருக்குத்தான்!

வாங்கும்போது நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். ஹவானாவில் கரையிறங்கிய முதல் நாளே ஒருவர் தோளில் கைபோட்டார். அண்ணன் ஃபாக்டரியில் வேலை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற பங்கு, கடை விலையில் கால்வாசி என்றார். 25 உருப்படி உள்ள பெட்டியை வாங்கி ஓவர்ஆலுக்குள் சுற்றிக் கப்பலுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றைப் பிளேடால் நெடுக்காகக் கீறிப் பார்த்தால் உள்ளே நீள இலையே இல்லை, தூளும் காம்பும். என்னை வாந்தி எடுக்கவைத்தது அந்தப் பெட்டிச் சரக்குதான், அவசரம் பாதி, சரக்கு பாதி. அசல் கியூபா பெட்டியில் பச்சை-வெள்ளை உத்தரவாத முத்திரை ஒட்டியிருக்கும். அடிப்பாகத்தில் 'எச்சோ என் கூபா' என்று சூட்டு முத்திரையும், ஃபாக்டரிக் குறியீடும், பெட்டியில் அடைத்த மாதமும் வருஷமும் இருக்கும். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கியூபா சிகார் என்று யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 25 சிகார் வரை சுங்கமில்லாமல் கொண்டுவரலாம் என்றது 2016 பேகேஜ் விதி. சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

அளவு முக்கியம். சிகாரின் தடிமனை ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி எண்ணுவார்கள். 42 என்றால் கிட்டத்தட்ட 16.7 மில்லிமீட்டர், 50 என்றால் ஏறத்தாழ 20. முதல்முறை பிடிப்பவருக்கு நான் கொடுப்பது பெட்டிட் கொரோனா: 129 மில்லிமீட்டர் நீளம், 42 தடிமன், முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து நிமிஷம். மோந்தேகிறிஸ்தோ நம்பர் 4 அந்த அளவுதான். (ஹவானா ஃபாக்டரிகளில் சுருட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒருவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்க வாசிப்பார். அந்த வழக்கம் 1865இல் ஆரம்பித்தது. அப்படிக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் பிடித்துப்போன ஒரு நாவலிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.) தடிமனான ரொபுஸ்டோ, 124க்கு 50, இன்னும் ஆறின புகை தரும், ஆனால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். 178 மில்லிமீட்டர் சர்ச்சில் அளவையெல்லாம் முதல் வருஷம் தொடாதீர்கள். பாதியில் தலை சுற்றும், விலையை நினைத்தால் கீழே வைக்க மனசு வராது.

இனி பாதுகாப்பு. இதைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதெல்லாம் காய்ந்த ஊருக்கானது. அவர்கள் பெட்டிக்குள் தண்ணீர் வைக்கிறார்கள். தூத்துக்குடியில் நமக்கு வேண்டியது நேர் எதிர். ஐப்பசி கார்த்திகையில் காற்று ஈரம் 80ஐத் தாண்டிவிடும். சிகாருக்கு வேண்டியது 65இலிருந்து 70 சதவீதம், 18இலிருந்து 21 டிகிரி. ஈரம் கூடினால் சிகார் ஊதும், ராப்பர் வெடிக்கும், பற்றவைத்தால் அணைந்து அணைந்து வதைக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து செடார் மரப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, 65 எண் போட்ட பொவேடா பாக்கெட் ஒன்று, சின்ன ஈரமானி ஒன்று, போதும். அந்தப் பாக்கெட் ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும்.

ஈரமானி சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. கேஜைச் சரிபார்க்காமல் எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போடமாட்டான். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையாமல் ஈரமணலாக இருக்க வேண்டும். அதையும் ஈரமானியையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி எட்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரம் 75 ஆகத்தான் இருக்கும்; அது உப்பின் குணம். மானி 71 காட்டினால், இனி எப்போது பார்த்தாலும் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சூடுதான் நம் ஊரில் பெரிய வில்லன். புகையிலை வண்டு என்று ஒரு பழுப்புப் பூச்சி உண்டு, நெல் அந்து அளவுகூட இருக்காது. இலையிலேயே அதன் முட்டை இருக்கும். குளிர்ச்சியில் தூங்கும், வெயில் காலத்தில் பொரிந்துவிடும். ஒரு மே மாதம் கப்பலில் இருந்து வந்து பெட்டியைத் திறந்தேன். பதினோரு சிகாரில் குண்டூசி போட்டதுபோல ஓட்டை, அடியில் மாவாகப் புழுதி. இப்போது எது கைக்கு வந்தாலும் இரட்டை ஜிப் கவரில் போட்டு, ஒரு நாள் ஃபிரிட்ஜ், மூன்று நாள் ஃப்ரீசர், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜ், பிறகுதான் டப்பா. நேராக ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் ராப்பர் விரிசல் விடும். ஃபிரிட்ஜிலேயே வைத்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். காய்ந்தும் போகும், மீன்குழம்பு வாசனையும் ஏறும்.

சரி, பிடிக்கப்போகிறோம். வயிறு காலியாக இருக்கக்கூடாது. இது மட்டும் சத்தியமான விதி. சிகார்ப் புகை காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்) உள்ளது. உள்ளே இழுக்காமலே நிகோட்டின் வாயின் தோல் வழியாக ரத்தத்தில் ஏறும். சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து உட்காருங்கள். பக்கத்தில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் குளிர்ந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, லேசான கிறுகிறுப்பு: இதில் ஒன்று வந்தாலும் சிகாரைக் கீழே வைத்துவிட்டு மிட்டாயைக் கடித்துத் தண்ணீர் குடியுங்கள். இனிப்பு உள்ளே போனால் கொஞ்ச நேரத்தில் தெளியும். கௌரவம் பார்த்து இழுத்தால் என் கதைதான்.

இடம்: வீட்டுக்குள் வேண்டாம், குழந்தை இருக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். பொது இடத்தில் 2008 அக்டோபர் 2இலிருந்து தடை, பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். எனக்கு மொட்டைமாடி. அங்கே கடற்காற்று ஒரு தொல்லை. காற்றடிக்கும் பக்கம் மட்டும் வேகமாக எரிந்து சிகார் கோணலாகிவிடும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறேன். காற்று மறைப்பு, சுவருக்கு முதுகு, மேலே நட்சத்திரம்.

சிகாரைக் கையில் எடுத்ததும் அடியிலிருந்து தலைவரை கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாக அமுக்கிக்கொண்டே போங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி மெத்தென்று அமுங்கி எழ வேண்டும். ஓரிடத்தில் கல்லாக இருந்தால் அங்கே இழுவை அடைக்கும். பொசுக்கென்று உள்ளே போனால் அங்கே ஃபில்லர் இல்லை, சூடாக எரியும். பிறகு முகர்ந்து பாருங்கள், முதலில் உடம்பை, அப்புறம் திறந்த முனையை. இரண்டும் ஒரே வாசனையாக இருக்காது. மூத்திர நெடிபோல அம்மோனியா அடித்தால் இலை இன்னும் பக்குவப்படவில்லை. அறுவடை செய்த இலையைக் குவித்துப் புளிக்கவைக்கும்போது அந்த நெடி வெளியேற வேண்டும். மிச்சம் இருந்தால் ஆறு மாதம் டப்பாவில் போட்டுவையுங்கள்.

வெட்டு. தலையில் ஒட்டியிருக்கும் தொப்பிக்கு ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலேயே, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டினால் போதும். கோட்டுக்குக் கீழே போனால் ராப்பர் பாவாடை அவிழ்வதுபோல அவிழ்ந்துவிடும். இரண்டு பிளேடு கட்டர் நல்லது. ஒரே வெட்டு, தயங்காமல். எவ்வளவு வெட்டுவது என்று கை நடுங்கினால் கட்டரை மேஜையில் படுக்கவைத்து, சிகாரின் தலையை அதன் ஓட்டையில் நேராக நிறுத்தி வெட்டுங்கள். மேஜை தடுக்கும், ஆழமாகப் போகாது. பல்லால் கடிப்பது சினிமாவில் வில்லனுக்குச் சரி.

வெட்டியதும் பற்றவைக்காமல் ஒரு தடவை வெறுமனே இழுத்துப் பாருங்கள். இளநீரை ஸ்ட்ராவில் இழுக்கிற பலம் போதுமானதாக இருக்க வேண்டும். ஸ்ட்ராவில் வழுக்கை மாட்டிக்கொண்டதுபோல அடைத்தால் இன்னும் ஒரு மெல்லிய சீவல் வெட்டுங்கள். இந்த வெறும் இழுவையிலேயே சுவை தெரியும். எனக்கு அனேகமாகக் காய்ந்த வைக்கோல், சில சமயம் உலர்திராட்சை.

பற்றவைப்பதற்கு கேஸ் லைட்டர் அல்லது நீளமான தீக்குச்சி. பெட்ரோல் லைட்டரும் மெழுகுவர்த்தியும் ஆகாது, அந்த வாசனை கடைசிவரை கூட வரும். தீக்குச்சியானால் மருந்து எரிந்து முடிகிறவரை பொறுங்கள். சிகாரை வாயில் வைக்காமல் கையிலேயே சாய்த்துப் பிடித்து, தீ நேரடியாகப் படாமல் அதன் நுனிச் சூடு மட்டும் படும்படி முனையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். அப்பளம் சுடுவதுபோலத்தான். உள்ளே வைத்தால் கருகும், மேலே காட்டினால் பொரியும். முனை முழுக்க ஒரு கறுப்பு வட்டம் விழுந்து ஓரத்தில் சிவப்புத் தெரிந்ததும் வாயில் வைத்து, தீயை எட்டவே பிடித்து, உருட்டிக்கொண்டே இரண்டு மூன்று இழுப்பு. பிறகு எடுத்து முனையில் மெல்ல ஊதுங்கள். வட்டம் முழுக்கச் சிவந்தால் ஆயிற்று. ஒரு பக்கம் கறுப்பாக இருந்தால் அங்கே மட்டும் இன்னொரு தடவை. இதற்கு ஒரு நிமிஷம் ஆகும். ஆகட்டும்.

இழுப்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஹவானாவில் ஒரு கிழவர். வாந்தி எடுத்த மறுநாள், கேபிட்டோலியோ கட்டடத்துக்குப் பின்னாலிருந்த பார்த்தகாஸ் சிகார்க் கடைக்குப் போனோம். அங்கே மேஜை போட்டு வாடிக்கையாளர் கண்முன்னே சுருட்டிக்கொண்டிருந்தார். ஒன்று வாங்கிப் பற்றவைத்து, வழக்கம்போல இரண்டு இழுப்பு இழுத்து மூன்றாவதுக்கு வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "கால்மா" என்றார். ஸ்பானிஷில் அமைதி. பிறகு அவர் சுருட்டுவதற்கு வைத்திருந்த சவேட்டா என்ற கத்தியை எடுத்து மேஜையில் 'டொக்' என்று ஒரு தட்டு. இழு என்று கண்ணைக் காட்டினார். இழுத்தேன். அப்புறம் அவர் பாட்டுக்கு இலையை விரிக்கிறார், காம்பைக் கிள்ளுகிறார், ஓரத்தை வெட்டுகிறார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குக் கை பரபரக்கிறது. ரொம்ப நேரம் கழித்து மறுபடி 'டொக்'. வாட்சைப் பார்த்தேன், ஒரு நிமிஷத்துக்கு மேல். இப்படியே ஒரு சிகாரைச் சுருட்டி முடிக்கிறவரை எனக்குத் தாளம் போட்டார். நாலாவது தட்டிலோ ஐந்தாவதிலோ, வாயில் இருந்த புகை முதல்தடவையாக எரியவில்லை. கருப்பட்டிக் காப்பி வாசனை வந்தது. எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படி வாசனை, ஹவானாவில்!

நிமிஷத்துக்கு ஓர் இழுப்பு. இழுப்பும் மென்மையாக, இரண்டு மூன்று விநாடி, வாய்க்குள் மட்டும். நெஞ்சுக்குள் கொண்டுபோகாதீர்கள். சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சிரமம், தானாக உள்ளே போகும். வாயில் புகை இருக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்ளப் பழகுங்கள். புகையை நாக்கின்மேல் உருட்டிவிட்டு வெளியே விடுங்கள். பிறகு சிகாரை ஆஷ்ட்ரேயில் வைத்துவிட்டு வேறு எதையாவது பாருங்கள். அணைந்தால் அணையட்டும். சாம்பலைத் தட்டிவிட்டு, முனையில் ஊதிப் பழைய புகையை வெளியேற்றி, மறுபடி பற்றவைக்கலாம், குற்றமில்லை. ஒரு மணி நேரம் ஆறிக் கிடந்ததை மட்டும் தொடாதீர்கள். ஊறின பீடித்துண்டு மாதிரி இருக்கும்.

சாம்பலைச் சிகரெட்போலத் தட்டிக்கொண்டே இருக்கக்கூடாது. ஓர் அங்குலம்வரை நிற்கட்டும். அது தணலுக்குப் போர்வை, உள்ளே போகிற காற்றை மட்டுப்படுத்தி எரிவதை நிதானமாக்கும். ஆஷ்ட்ரே விளிம்பில் மெல்லச் சாய்த்தால் தானாக விழும். இரண்டு அங்குலம் வளர்த்துக் காட்டுவேன் என்று பந்தயம் கட்டினால் வேட்டியில்தான் விழும்.

இப்போது சுவை. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, கொஞ்சம் இறைச்சிச் சாறு மாதிரி ஒன்று, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. அதனால் மூன்று நான்கு இழுப்புக்கு ஒரு தடவை இப்படிச் செய்யுங்கள்: புகையை வாயில் வாங்கி முக்கால்வாசியை வெளியே விட்டுவிடுங்கள். மிச்சத்தோடு வாயை மூடி, கதை கேட்கும்போது 'ம்' கொட்டுவோமே, அப்படி ஒரு 'ம்' கொட்டுங்கள். புகை தொண்டையின் பின்பக்கமாக ஏறி மூக்கு வழியாக வரும். முதல்தடவை மிளகாய் வறுத்த மாதிரி கண்ணில் தண்ணீர் வரும். அளவைக் குறைத்துப் பாருங்கள். நான்கைந்து நாள் பழக்கத்தில் வாயால் ஒன்று, மூக்கால் வேறொன்று என்று பிரித்துத் தெரிய ஆரம்பிக்கும்.

தெரிந்ததற்கு என்ன பெயர் வைப்பது? வெளிநாட்டுப் பத்திரிகைகளில் லெதர், செடார், பெக்கான் பருப்பு என்று எழுதுவார்கள். பெக்கானை நான் சாப்பிட்டதே இல்லை. அதைத் தேடிக்கொண்டிருந்ததில் இரண்டு வருஷம் போயிற்று. இப்போது என் நோட்டில் இருப்பவை: புதுச் செருப்புக் கடை, கோடைமழை விழுந்த மண், ஆச்சியின் மரப்பீரோ, வறுத்த கொத்தமல்லி, நிலக்கடலைத் தோல், ஜாதிக்காய், டீத்தூள் டப்பா, தீய்ந்த கருப்பட்டி, இன்ஜின் ரூம் கந்தல் துணி. கடைசியில் சொன்னது குறையில்லை, எனக்குப் பிடித்த வாசனை. உங்கள் மூக்கு எதை வளர்த்துவைத்திருக்கிறதோ அதுதான் வரும்.

போன மாதம் பிடித்த மோந்தேகிறிஸ்தோ நம்பர் 4ஐச் சொல்கிறேன். 6.10க்குப் பற்றவைத்தேன். முதல் இழுப்புகளில் மரப்பீரோ, நாக்கின் ஓரத்தில் லேசாக உப்பு. 'ம்' கொட்டினால் கொஞ்சம் கொத்தமல்லி. பத்து நிமிஷம் அதிலேயே நின்றது, சலிப்புத் தட்டியது. 6.25 வாக்கில், சாம்பல் ஒரு முறை விழுந்த பிறகு, காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை எட்டிப்பார்த்தது. அதோடு கோக்கோ, இனிப்பில்லாத கோக்கோ. இந்த நடுப்பகுதிதான் எந்தச் சிகாருக்கும் பொன்னான நேரம். தணல் நிலைப்பட்டிருக்கும், புகை இன்னும் நீளம் கடந்து ஆறித்தான் வரும். 6.45க்கு மேல் மிளகு ஏறியது, செருப்புக்கடை வந்தது, கடைசியில் கருப்பட்டி தீய ஆரம்பித்தது. தணல் வாய்க்குக் கிட்டே வரவர சூடு கூடும். முன்பகுதியிலிருந்து வந்த எண்ணெயும் ஈரமும் வாய்ப்பக்கம் சேர்ந்திருக்கும், காரம் அதனால்தான். விரலுக்குச் சூடு தெரிந்ததும் 6.55க்கு வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காசு கொடுத்தோமே என்று கடைசி அங்குலம்வரை உறிஞ்சுகிறவர்கள்தான் சிகார் கசப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள்.

நடுவில் வரும் கோளாறுகளில் இரண்டுதான் அடிக்கடி. ஒரு பக்கம் ஓடமாகக் கோணி எரிந்தால், மெதுவாக எரிகிற பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்பிப் பிடியுங்கள். சூடு கீழிருந்து மேலேறும்போது காற்றும் அந்தப் பக்கம் வாங்கும், பெரும்பாலும் தானே சரியாகும். சரியாகவில்லையென்றால் பின்தங்கிய ஓரத்தில் மட்டும் லைட்டரைக் காட்டலாம். இன்னொன்று, வெளியே ராப்பர் எரியாமல் உள்ளே மட்டும் குகைபோல எரிவது. ரொம்ப மெதுவாகப் பிடித்தாலோ, ராப்பர் ஈரமாக இருந்தாலோ வரும். எரியாத விளிம்பைத் தீயால் கொஞ்சம் சுட்டுத் தணலோடு சமப்படுத்துங்கள்.

கூட என்ன குடிப்பது என்பதில் எனக்கு வீறாப்பு ஒன்றும் இல்லை. ரம் என்பார்கள், விஸ்கி என்பார்கள். சுவை தெரிய வேண்டுமென்றால் வெறும் தண்ணீர். நாக்கைக் கழுவிக் கழுவி அடுத்த இழுப்புக்குத் தயார் செய்யும். எனக்குக் கருப்பட்டிக் காப்பி, பால் விடாமல். சோடா கலந்த குளிர்பானம் மட்டும் வேண்டாம், இனிப்பு எல்லாவற்றையும் மூடிவிடும்.

முடிந்ததும் சிகரெட்போல நசுக்காதீர்கள். நசுக்கினால் வருகிற நெடிதான் வீட்டாரைச் சண்டைக்கு இழுப்பது. ஆஷ்ட்ரேயில் வைத்துவிட்டால் சில நிமிஷத்தில் தானே அணையும். லேபிளைப் பசை கிழியாமல் எடுத்து நோட்டில் ஒட்டித் தேதியும் இரண்டு வரியும் எழுதிவிடுவேன். வாயைக் கொப்பளித்து, பல் விளக்கி, சட்டையை வெளியிலேயே கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவது.

துண்டையும் சாம்பலையும் அன்றிரவே அப்புறப்படுத்தி ஆஷ்ட்ரேயைக் கழுவிவிடுங்கள். நான் ஒருமுறை சோம்பலில் அப்படியே மாடியில் விட்டுவிட்டேன். விடியற்காலையில் அத்தை, அதாவது என் மாமியார், தொட்டிக்குப் பக்கத்தில் வேட்டி விரித்துக் கூழ்வடகம் பிழிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆஷ்ட்ரே காற்றில் கவிழ்ந்து சாம்பல் மேலே பறந்திருக்கிறது. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துடைத்துக் காயவைத்துத் தனி டப்பாவில் போட்டு என் பெயரை எழுதி வைத்துவிட்டார்கள். எண்ணெயில் பொரித்தபோதும் அந்த வாசனை போகவில்லை. அந்த வருஷம் முழுக்க ரசம் சாதத்துக்கு எனக்கு மட்டும் அந்த டப்பா வடகம்தான்.